எட்டு மாதமாக அசையாத முகம்: நரம்பு மாற்று அறுவைக்கு இன்னும் காத்திருக்கலாமா?

கேள்வி இதுதான். 42 வயது அக்காவுக்குக் காது நரம்பில் வந்த கட்டியை எட்டு மாதத்துக்கு முன் அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். முக நரம்பு அறுபடவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் வலப்பக்க முகத்தில் இன்றுவரை ஓர் அசைவும் இல்லை. கண் மூடவில்லை, வாய் கோணியிருக்கிறது, குடிக்கும் தண்ணீர் ஓரத்தில் வழிகிறது. மெல்லும் தசைக்குப் போகும் நரம்பை எடுத்து முக நரம்போடு இணைக்கலாம், பல்லைக் கடித்தால் சிரிப்பு வரும் என்கிறார் ஒரு மருத்துவர். வீட்டுப் பெரியவர்களோ, “இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம், தானா சரியாயிடும்” என்கிறார்கள். பல்லைக் கடித்துச் சிரிப்பது சிரிப்பாகத் தெரியுமா, சாப்பிட முடியாமல் போகுமா என்ற பயமும் இருக்கிறது.

நான் இந்த வகை அறுவைகளைச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்னொரு வருஷம் காத்திருக்காதீர்கள். இந்த மாதமே பரிசோதனைகளை முடித்துவிட்டு முடிவெடுங்கள்.

பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல, அது வேறொரு நோய்க்கான உண்மை. நம் ஊரில் “காத்து பட்டு வாய் கோணிடுச்சு” என்று சொல்வோமே, அந்த திடீர் முகவாதத்துக்கு மருத்துவத்தில் பெல்ஸ் பால்சி என்று பெயர். ஒரே இரவில் முகம் கோணும். ஆனால் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும். டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், எந்த மருந்தும் இல்லாமலே சுமார் 71 சதவீதம் பேருக்கு முகம் முழுமையாகப் பழைய நிலைக்கு வந்தது. முதல் 72 மணி நேரத்துக்குள் பிரட்னிசலோன் மாத்திரை தொடங்கினால் இது இன்னும் கூடும். ஸ்காட்லாந்தில் 2007ல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 94 சதவீதம் பேரும் எடுக்காதவர்களில் 82 சதவீதம் பேரும் ஒன்பது மாதத்தில் குணமாகியிருந்தார்கள். புறா ரத்தம் தடவியவருக்கும் சரியானது, தைலம் தேய்த்தவருக்கும் சரியானது என்று ஊரில் கதைகள் நிற்பது இதனால்தான். ஒன்றும் தடவாமல் இருந்திருந்தாலும் அவர்களில் பலருக்குச் சரியாகியிருக்கும்.

உங்கள் அக்காவுக்கு நடந்தது அது இல்லை. காது நரம்பில் கட்டி வளரும்போது பக்கத்திலேயே ஓடும் முக நரம்பை நெருக்கித் தள்ளுகிறது. பெரிய கட்டி என்றால் அந்த நரம்பு கட்டியின் மேல் மெல்லிய ஏடு போலப் பரந்து ஒட்டிக்கிடக்கும். அதைப் பிரித்தெடுக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் இழுபடும். நரம்பு அறுபடவில்லை என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கண்ணுக்கு முழுதாகத் தெரிகிற நரம்புக்குள் இழைகள் உயிரோடு இருக்கின்றனவா என்பது தனிக் கேள்வி.

முக நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, காதுக்குப் பின்னுள்ள எலும்புக்குள் ஒரு குறுகிய பாதை வழியே வந்து, காதுமடலுக்குக் கீழே வெளிப்பட்டு, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. அசைவுக்கான இழைகள் மட்டும் அதில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மூளைக்கு அருகே அடிபட்டால் அதற்குப் பிந்தைய இழையெல்லாம் கருகிப்போகும். பிறகு அடியிலிருந்து மறுபடி வளர்ந்து வர வேண்டும். அந்த வளர்ச்சியின் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்.

வாய்க்கால் வறண்டுவிட்டால் பக்கத்து வாய்க்காலிலிருந்து மடை வெட்டித் தண்ணீரைத் திருப்புவார்கள் அல்லவா, நரம்பு மாற்று அறுவையின் தத்துவம் அவ்வளவுதான். முகத் தசை உயிரோடு இருக்கிறது, அதற்கு வரும் நரம்பின் தலைப்பகுதி மட்டும் போய்விட்டது. நன்றாக வேலை செய்யும் வேறொரு நரம்பின் ஒரு கிளையை வெட்டி, முக நரம்பின் நுனியில் சேர்த்துத் தைக்கிறோம். ஆனால் பயிர் கருகிய பிறகு மடை திறந்து பயனில்லை.

இதில் என்னை அதிகம் வருத்துவது இந்த இடம்தான். தசைக்கு நரம்பின் தொடர்பு அறுந்ததும் அது மெலியத் தொடங்குகிறது. நரம்பு வந்து ஒட்டும் இடங்கள் சிதைகின்றன, தசையிழை இருந்த இடத்தில் நாரும் கொழுப்பும் நிரம்புகின்றன. ஓராண்டுக்குள் புது நரம்பு வந்து சேர்ந்தால் நல்ல பலன் கிடைக்கும். 18 மாதம் வரை வாய்ப்பு உண்டு, ஆனால் குறைந்துகொண்டே போகும். இரண்டு ஆண்டு தாண்டினால் அந்தத் தசையை எழுப்புவது அநேகமாக முடியாது. இந்தக் கணக்கில் அறுவை நடக்கும் நாளை மட்டும் பார்த்தால் போதாது, இழைகள் தசையைப் போய்ச் சேரும் நாளையும் சேர்க்க வேண்டும். உங்கள் அக்காவுக்கு எட்டு மாதம் போய்விட்டது. அடுத்த மாதம் அறுவை செய்தால் இழைகள் வந்து சேர இன்னும் நான்கைந்து மாதம், ஆக 13 அல்லது 14. பெரியவர்கள் சொல்வதுபோல் ஒரு வருஷம் பொறுத்தால் 20 மாதத்தில் அறுவை, 25ஆம் மாதத்தில் நரம்பு வந்து சேரும். வந்து சேரும் இடத்தில் தசை இருக்காது.

“நரம்பு முழுதாக இருக்கிறதே, தானாக வளர்ந்து வராதா?” என்று கேட்பீர்கள். வருவதும் உண்டு, அதனால்தான் முதல் சில மாதங்கள் நாங்களும் பொறுத்திருக்கிறோம். ஆறு மாதம் கழித்தும் கன்னத்தில் ஒரு சிறு துடிப்புகூட இல்லையென்றால், பயன்படும் அளவு அசைவு தானாகத் திரும்பும் வாய்ப்பு மிகவும் குறைவு. இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை. ஈ.எம்.ஜி. என்ற ஊசிப் பரிசோதனையில் மூன்றில் ஒன்று தெரியும். சிரிக்க முயலும்போது சிறிய, சிதறிய மின்னலைகள் தெரிந்தால் நரம்பு வளர்ந்து வந்துகொண்டிருக்கிறது, இன்னும் சில வாரம் பார்க்கலாம். தசை சும்மா இருக்கும்போதே தானாக மின்துடிப்பு காட்டி, முயற்சி செய்தால் ஒன்றும் வரவில்லை என்றால் தசை உயிரோடு இருக்கிறது, நரம்பு வரவில்லை. நரம்பு மாற்றுக்குச் சரியான நிலை அதுதான். எந்த மின்துடிப்பும் இல்லை, முழு அமைதி என்றால் தசை போய்விட்டிருக்கலாம், வேறு வழி தேட வேண்டும். அக்காவுக்கு ஈ.எம்.ஜி. எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அது.

இனி எந்த நரம்பிலிருந்து எடுப்பது என்பது. இந்த யோசனை புதிதல்ல. லண்டனில் சார்லஸ் பேலன்ஸ் 1895ல் தோள்பட்டையைத் தூக்கும் நரம்பை முக நரம்போடு சேர்த்தார். முகம் அசைந்தது, ஆனால் தோளும் கூடவே அசைந்தது. 1901ல் பெர்லினில் வெர்னர் கோர்ட்டே நாக்கை அசைக்கும் நரம்பைப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நாக்கு நரம்புதான் வழக்கமாக இருந்தது. சும்மா இருக்கும்போதும் முகம் தொங்காமல் ஒரு பிடிப்பைக் கொடுப்பதில் அது இன்றும் சிறந்தது. ஆனால் பழைய முறையில் முழு நரம்பையும் வெட்டினால் நாக்கின் பாதி சூம்பிவிடும். பேச்சு குழறும், சோற்று உருண்டையை வாய்க்குள் திருப்புவதே சிரமமாகும். அதனால் இப்போது நாக்கு நரம்பின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தோ, பக்கவாட்டில் இணைத்தோ செய்கிறார்கள். நாக்கு பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது.

உங்கள் மருத்துவர் சொல்வது மாசெட்டர் நரம்பு. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு தாடையின் பின்மூலையில் விரலை வையுங்கள், கல் போலப் புடைக்கும் தசைதான் மாசெட்டர். 1978ல் அமெரிக்காவில் மெல்வின் ஸ்பைரா அதன் நரம்பை முக நரம்பின் கீழ்ப்பகுதியோடு இணைத்ததை எழுதினார். ஆனால் அது பரவலானது இந்த நூற்றாண்டில்தான். காரணங்கள் வலுவானவை. காதுக்கு முன்னால் போடும் ஒரே கீறலுக்குள் இரண்டு நரம்பும் கிடைக்கின்றன. காதின் முன்முனையிலிருந்து சுமார் 3 செ.மீ. முன்னால், கன்ன எலும்பு வளைவுக்கு 1 செ.மீ. கீழே ஆழமாகத் தேடினால் மாசெட்டர் நரம்பு அநேகமாக எப்போதும் அங்கே இருக்கும். அதைப் புரட்டிக் கொண்டுவந்து, சிரிப்புக்கான கிளையோடு நேரடியாகத் தைத்துவிடலாம். நடுவில் ஒட்டு நரம்பு தேவையில்லை. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன, போக வேண்டிய தூரமும் குறைவு. அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதத்தில் முதல் அசைவு தெரிகிறது, அதுவும் பலமாக.

தைப்பது மைக்ரோஸ்கோப் வழியாக, தலைமுடியைவிட மெல்லிய நூலில். அறுவையின்போது நரம்பை மின்தூண்டல் கொடுத்துத் தேட வேண்டியிருப்பதால், தசையைத் தளர்த்தும் மருந்தை அந்த நேரத்தில் தர வேண்டாம் என்று மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுவோம். முக நரம்பின் மூலத்தண்டிலேயே இணைத்தால் முகம் முழுதும் ஒன்றாக இழுக்கும், சிரித்தால் கண்ணும் மூடிக்கொள்ளும். அதனால் சிரிப்புக் கிளையைத் தேர்ந்து அதற்கு மட்டும் கொடுப்பதையே நான் விரும்புகிறேன்.

உங்கள் அக்காவின் விஷயத்தில் இதைத் தொடும் முன் சில விஷயங்களைப் பார்த்தாக வேண்டும். மெல்லும் நரம்பு ஐந்தாம் மூளை நரம்பின் கிளை. காது நரம்புக் கட்டி பெரிதாக இருந்தால் அந்த ஐந்தாம் நரம்பும் அடிபட்டிருக்கலாம். இரண்டு பக்கத் தாடையிலும் விரல் வைத்து அக்காவைப் பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். வலப்பக்கமும் இடப்பக்கம் போலவே புடைத்தால் நல்ல சேதி. பலவீனமாக இருந்தால் இந்த நரம்பு உதவாது. விழுங்கும்போது புரையேறுகிறதா, குரல் கரகரக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் நாக்கு நரம்பைத் தொடுவது ஆபத்து. இரண்டு காதிலும் கட்டி வரக்கூடிய நியூரோஃபைப்ரோமடோசிஸ் இரண்டாம் வகை என்ற பரம்பரை நோய் இருந்தாலும் நாக்கு நரம்பைத் தவிர்க்க வேண்டும். நாளைக்கு மறுபக்க நரம்புகளும் பாதிக்கப்பட்டால் விழுங்கவே முடியாத நிலை வரும்.

இன்னொரு வழியும் உண்டு. நல்ல பக்கத்து முக நரம்பில் ஒரே வேலையை இரண்டு மூன்று கிளைகள் செய்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, கெண்டைக்காலிலிருந்து எடுத்த உணர்வு நரம்பை மேலுதட்டின் வழியே பாலமாகப் போட்டு, செயலிழந்த பக்கத்துக்குக் கொண்டுபோகலாம். 1970களின் தொடக்கத்தில் இது தொடங்கியது. இடப்பக்கம் சிரித்தால் வலப்பக்கமும் தானாகச் சிரிக்கும், மனசுக்குள் எழும் சிரிப்பு அப்படியே முகத்துக்கு வரும். கேட்க இதுதான் மிக அழகான தீர்வு. ஆனால் இழைகள் முகத்தைக் கடக்கவே அரை ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டு தையல்களிலும் இழைகள் விடுபடும், பலம் குறைவாகவே வரும், வயது கூடக் கூடப் பலன் குறையும். அது வந்து சேர்வதற்குள் தசை போய்விடக் கூடாதே என்றுதான் ஜூலியா டெர்சிஸ் 1980களில் ஒரு உத்தியைக் கொண்டுவந்தார்: குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா போல, வேறொரு நரம்பு முதலில் தசையை உயிரோடு வைத்திருக்கும், பாலம் போட்ட நரம்பு பின்னால் வந்து சேரும். அக்காவின் வயதுக்கும் எட்டு மாதத்துக்கும் பாலத்தை மட்டும் நம்பி அறுவை செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாசெட்டரோடு சேர்த்துச் செய்யலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

சரி, பல்லைக் கடித்துச் சிரிப்பது சிரிப்பாக இருக்குமா? முதல் மாதங்களில் இருக்காது, அதை மறைக்கக் கூடாது. நரம்பு வந்து சேர்ந்த முதல் அறிகுறி சாப்பிடும்போது தெரியும். மெல்லும்போது வாயோரம் மெல்ல இழுக்கும். வீட்டில் யாராவது எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் கண்டுபிடிப்பார்கள். அதன்பின் கண்ணாடி முன் பயிற்சி தொடங்குகிறது. பல்லை அழுத்திக் கடித்தால் வாயோரம் மேலே ஏறும். அதை எவ்வளவு மெதுவாகச் செய்ய முடியும், நல்ல பக்கம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவோடு நிறுத்த முடியுமா, தாடையை அசைக்காமல் செய்ய முடியுமா என்று படிப்படியாகப் போக வேண்டும். நிறையப் பேர் பலத்தைக் கூட்டுவதையே பயிற்சி என்று நினைத்து இறுக்கிக் கடிக்கிறார்கள். உண்மையில் பழக வேண்டியது மென்மை. நல்ல பக்கம் அதிகமாக இழுக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அடக்கிச் சிரிக்கவும் கற்றுத் தர வேண்டியிருக்கும்.

மூளையில் தாடையை இயக்கும் பகுதியும் முகத்தை இயக்கும் பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. நல்ல முகமுள்ளவர்களிலேயே சிலருக்குச் சிரிக்கும்போது மாசெட்டர் தானாகச் சற்று இயங்குகிறது. டொரொண்டோவில் மாங்டெலோ, சூக்கர் ஆகியோர் மெல்லும் நரம்பால் இயங்கும் தசையை முகத்தில் வைத்துச் செய்த அறுவைகளில், பெரும்பாலோர் நாளடைவில் பல்லைக் கடிக்காமலே சிரிக்கக் கற்றார்கள். பலருக்கு யோசிக்காமலே வரும் சிரிப்பும் அவ்வப்போது வந்தது. எல்லோருக்கும் வராது. நகைச்சுவை கேட்டுக் குபீரென்று வெடிக்கும் சிரிப்பில் அந்தப் பக்கம் பின்தங்கலாம். ஆனால் ஒருவரைப் பார்த்து வணக்கம் சொல்லும்போது, போட்டோவுக்கு நிற்கும்போது, பிள்ளையைப் பார்த்துப் புன்னகைக்கும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து வரும். முகம் கோணிய பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சாப்பாடு பற்றிய பயம் வேண்டாம். மாசெட்டருக்குப் போகும் நரம்பின் மேல்கிளைகளை விட்டுவிட்டுக் கீழ்ப்பகுதியைத்தான் எடுக்கிறோம். நெற்றிப்பொட்டுத் தசையும் தாடையின் உட்புறத் தசைகளும் அப்படியே இருக்கின்றன, மறுபக்கத் தசைகளும் முழுதாக இருக்கின்றன. முறுக்கு கடிக்கலாம். தாடையோரம் சற்று ஒட்டியதுபோல் தெரியலாம், அவ்வளவுதான்.

இந்த அறுவை எதைத் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நெற்றிச் சுருக்கம் திரும்பாது, தொங்கும் புருவத்தைத் தனியாகத் தூக்கிக் கட்ட வேண்டியிருக்கும். மாசெட்டர் சிரிப்பைத் தரும், ஆனால் சும்மா இருக்கும்போதான பிடிப்பை நாக்கு நரம்பு அளவுக்குத் தராது. கண்ணை முழுமையாக மூடவைக்கும் என்றும் நம்பியிருக்காதீர்கள்.

கண்ணைப் பற்றி அவசரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிரிப்பைவிட முதலில் காக்க வேண்டியது அதுதான். மூடாத கண்ணின் கருவிழி காய்ந்து புண்ணாகும், பார்வையே போகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டித் தூங்குவது, வெளியே போனால் கண்ணாடி. இவற்றை நிறுத்தாதீர்கள். ஐந்தாம் நரம்பும் அடிபட்டிருந்தால் கருவிழியில் உணர்ச்சி இருக்காது, புண் வந்தாலும் வலிக்காது. அதனால் கண் சிவந்தால் வலி இல்லையே என்று விடாமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். மேலிமைக்குள் சுமார் ஒரு கிராம் எடையுள்ள தங்கம் அல்லது பிளாட்டினத் தகடு வைத்தால் இமை தன் எடையாலேயே இறங்கி மூடும். சின்ன அறுவைதான், நரம்பு மாற்றோடு சேர்த்தே செய்துகொள்ளலாம்.

காலம் கடந்து இதைப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள். மூன்று வருஷம், பத்து வருஷம் ஆகிவிட்டதென்றால் நரம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, தசையும் புதிதாக வேண்டும். தொடையின் உட்புறத்திலிருந்து கிராசிலிஸ் என்ற தசையின் ஒரு கீற்றை ரத்தக்குழாய், நரம்போடு எடுத்துக் கன்னத்தில் வைத்து உயிர்ப்பிக்கிறார்கள். ஜப்பானில் ஹாரியும் அவர் குழுவினரும் 1976ல் காட்டிய வழி இது. பிறவியிலேயே முகம் அசையாத மோபியஸ் குழந்தைகளுக்கும் இதுவே. நெற்றிப்பொட்டுத் தசையைத் திருப்பிக் கட்டும் முறையும் இருக்கிறது. தொழுநோயால் கண் மூடாமல் போனவர்களுக்கு இந்தத் தசையின் பட்டையை இமைக்குள் ஓட்டிக் கட்டும் அறுவை நம் நாட்டுத் தொழுநோய் மருத்துவமனைகளில் பல காலமாக நடந்துவந்திருக்கிறது. அவர்களும் பல்லைக் கடித்துக் கண்ணை மூடப் பழகினார்கள். உங்கள் மருத்துவர் சொன்னதைக் கேட்டு விசித்திரமாக நினைத்தீர்கள் அல்லவா, அதே வழி இங்கே ஏற்கெனவே நடந்து தேய்ந்த பாதைதான்.

கன்னத்தில் கரண்ட் வைக்கும் பிசியோதெரபியை இப்போது தினமும் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தோலுக்கு மேல் வைக்கும் கரண்ட், தொடர்பு போன நரம்பை மூளையோடு சேர்க்காது. அதற்காக மாதங்களைச் செலவழிக்க வேண்டாம். நல்ல பிசியோதெரபிஸ்ட் தேவைப்படுவது அறுவைக்குப் பின், அசைவு வரத் தொடங்கும்போது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கட்டி எடுத்த அறுவையின் முழுக் குறிப்பை வாங்கிக்கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் மட்டும் போதாது. அறுவையின் முடிவில் மூளைத்தண்டின் அருகே முக நரம்பைத் தூண்டிப் பார்த்தார்களா, முகம் அசைந்ததா என்பது அதில் இருக்கும், அது எங்களுக்கு மிகவும் முக்கியம். கட்டி மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் கடைசி எம்.ஆர்.ஐ., ஈ.எம்.ஜி. அறிக்கை, அறுவைக்கு முன் அக்கா வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பழைய போட்டோ, இப்போது சிரிக்க முயலும் ஒரு வீடியோ. இவற்றோடு நேரடியாகக் கேளுங்கள்: நீங்கள் எந்தக் கிளையில் இணைக்கப் போகிறீர்கள், கண்ணுக்கு என்ன செய்யப் போகிறீர்கள், இந்த அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களின் ஒரு வருடத்துக்குப் பிந்தைய வீடியோவைக் காட்ட முடியுமா, பயிற்சியை யார் தருவார்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் இரண்டு வாரத்துக்குள் கேட்டு முடித்துவிடுங்கள்.